குண்டானில் மிச்சம்

முதல் கரண்டிச் சோறு தட்டில் விழுந்தபோது கலியபெருமாள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் மனைவி செங்கமலத்தின் கை தெரியும், கையில் அந்த வளையல் தெரியும், வளையல் முழங்கை வரைக்கும் ஓடிப்போய் நிற்பது தெரியும். அதனால் நாற்காலியை மேஜைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் என்ன குறைச்சல்? பாதித் தட்டுக்கு அவரைக்காய்ப் பொரியலும் கீரை மசியலும், ஓரத்தில் இரண்டு முட்டை, மீதி இடத்தில் ஒரே ஒரு கரண்டிச் சோறு, அதன் தலையில் சுண்டைக்காய் வத்தக்குழம்பு. டாக்டரம்மா பேப்பரில் வட்டம் போட்டுக் கோடு கிழித்துக் காட்டிய அதே கணக்கு. 'சோத்தை விடச் சொல்லலைங்க, பாதியாக்கச் சொல்றேன். இட்லி நாலு சாப்பிட்டா ரெண்டு சாப்பிடுங்க, சாம்பாரை நிறைய ஊத்திக்குங்க. காயும் முட்டையும் மீனும் வயிறார. பட்டினி மட்டும் கிடக்காதீங்க, கிடந்தா ஒரே மாசத்துல விட்டுட்டு ஓடிடுவீங்க.' ஆறு மாசம் ஆச்சு, மனுஷர் ஓடவில்லை. சாயங்கால போண்டா போய்ச் சுண்டல் வந்தது, டீயில் சர்க்கரை போச்சு, முதல் வாரம் அழாத குறைதான், அப்புறம் பழகிவிட்டது. தை மாசம் தொண்ணூற்றொன்று, இன்றைக்குக் காலையில் எண்பத்தொன்று. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை குத்தியாகிவிட்டது. அரிசி மண்டிப் படி ஏறினால் முட்டி கடக்கென்று சத்தம் போடுவதில்லை. 'சூப்பர் சார், பத்து கிலோ!' என்று ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் பெண் சொன்னபோது பத்தாவது பாஸான பிள்ளை மாதிரி நின்றார். அத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். அந்தப் பெண்தான் சும்மா இருக்காமல், 'அம்மா, நீங்களும் ஏறுங்களேன்' என்றது. இவள் செருப்பைக் கழற்றி, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக ஏறி நின்றாள். நாற்பத்துநாலு. நர்ஸ் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்ப ஒருதரம் பார்த்தது. 'மெஷினு ரிப்பேரும்மா' என்று செங்கமலம் இறங்கிவிட்டாள். மெஷின் ரிப்பேர் என்றால் அவருடைய எண்பத்தொன்றும் அல்லவா ரிப்பேராக இருக்க வேண்டும்? ஆட்டோவில் வரும்போது அதைக் கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. கடைத்தெருவில் அவரைக்காய் பிஞ்சாக வந்திருக்கிறது என்று அவள் சொன்னாள், ஆமாம் என்றார்.

வத்தக்குழம்பைப் பிசைந்தார். ஐம்பத்துமூணு. அதில் சந்தேகமே கிடையாது. மண்டியில் வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குத் தராசுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை கொடுத்து முடித்ததும், வேலை பார்க்கிறவர்கள் வீட்டுப் பெண்டுபிள்ளைகள் எல்லாம் பெரிய தராசில் ஒரு ஏறு ஏறி இறங்குவது வழக்கம். எடை போடுகிற ஆள் கலியபெருமாள்தானே, சத்தமாகச் சொல்லுவார், எல்லாரும் சிரிப்பார்கள். செங்கமலத்தின் முறை வந்தால் மட்டும் வாய்க்குள்ளேயே சொல்லுவார். மூன்று வருஷமாக அதே ஐம்பத்துமூணு. போன புரட்டாசிக்குக்கூட ஐம்பத்துமூணுதான், 'உன்னை நம்பி மூட்டையே தைக்கலாம்டி' என்று கேலி செய்தாரே. ஐம்பத்துமூணில் நாற்பத்துநாலு போனால் ஒன்பது. ஒன்பது கிலோ! முப்பது வருஷமாக மூட்டை எடை போடுகிற மனுஷர். கட்டி நிறுத்தியிருக்கிற மூட்டையைத் தள்ளி நின்று பார்த்தே, 'டேய், இதுல ஒரு கிலோ குறையுதுடா, பிரிச்சுப் பாரு' என்று சொல்லுகிறவர். வீட்டில் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது, கண்ணு அவிஞ்சா போச்சு? இல்லை, தெரியாமலும் இல்லை. பங்குனியில் ரவிக்கை தோளைவிட்டு நழுவியதை அவள் ஊக்குப் போட்டுச் சேர்த்துக்கொண்டதைப் பார்த்தார். தைக்கிறவன் சரியில்லை என்றாள், சரிதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். மோதிரத்தில் நூல் சுற்றியதைப் பார்த்தார். கழுத்தெலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தார். பார்த்ததெல்லாம் தனித்தனியாகப் பார்த்தார், சேர்த்துக் கூட்டவில்லை. அப்படித்தானே ரத்தினசாமியும் சொன்னான். மண்டியில் கூட வேலை பார்க்கிற ரத்தினசாமி. அவன் சம்சாரம் போன வருஷம் சித்திரையில் 'அய்யே, இளைச்சுப்போயி அழகா ஆயிட்டேன்' என்று சிரித்தது, ஆவணியில் தூக்கிக்கொண்டு போனார்கள். தஞ்சாவூரில் படம் எடுத்துப் பார்த்தபோது எல்லாம் கைமீறிப்போயிருந்ததாம். அந்த வியாதியின் பெயரை மனசுக்குள்கூடச் சொல்லக் கூடாது என்று கலியபெருமாள் ஒரு வாய் சோற்றை அவசரமாக உள்ளே தள்ளினார். தொண்டையில் அடைத்தது. 'மெதுவா, மெதுவா, யாரு துரத்துறா?' என்று செங்கமலம் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். வளையல் கிணுகிணுவென்று இறங்கி வந்தது. இவள் இல்லாமல் போனால்? அட, என்ன நினைப்பு இது, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. இருந்தாலும் அந்த நினைப்பு போகவில்லை, மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது கரண்டி, ரசத்துக்கு. ஒவ்வொரு கரண்டியாக மூன்று. குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. மூன்றில் எதையும் விடமாட்டேன், அளவைத்தான் குறைப்பேன் என்று டாக்டரம்மாவிடம் பேரம் பேசி வாங்கியது அது. ரசத்தில் பூண்டு மிதந்தது. சாப்பிடுகிறாளா ஒழுங்காக? டாக்டரைப் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பசி எடுக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா, என்ன சாப்பிடுகிறார்கள். என்ன சொல்லுவது? கலியபெருமாள் யோசித்தார். நேற்று மத்தியானம் அவள் என்ன சாப்பிட்டாள்? அவர் சாப்பிட்டது தெரியும், விரால் மீன் குழம்பு, முள்ளை எடுத்தெடுத்து வைத்தாள். அவள்? அவர் கை கழுவி எழுந்து, ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு சாய்ந்து, இருபது நிமிஷம் கண்ணயர்ந்து எழுந்தால் சமையல்கட்டுப் பாத்திரமெல்லாம் கவிழ்த்துக் கிடக்கும். அதற்குள் சாப்பிட்டிருப்பாள். சாப்பிட்டிருக்கத்தானே வேண்டும். சரி, முந்தாநாள்? முந்தாநாளும் அப்படித்தான். அவள் சாப்பிட்டு எப்போது பார்த்தோம்? மகள் அகிலாவுக்குத் திருப்பூரில் குழந்தை பிறந்தபோது ரயிலில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனார்கள், அப்போது பார்த்திருக்கலாமே. இல்லை, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், முதுகுதான் தெரிந்தது. கல்யாணத்தன்றைக்குப் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்த்தி வைத்தார்களே? தலை குனிந்திருந்தாள், மாலை மறைத்தது, அவருக்கும் அன்றைக்கு ஜாங்கிரியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. இருபத்தெட்டு வருஷம். அவளுக்கு எந்தப் பல் சொத்தை என்று தெரியும், தூக்கத்தில் எந்தப் பக்கம் புரளுவாள் என்று தெரியும், கோபம் வந்தால் பாத்திரத்தை எவ்வளவு உயரத்திலிருந்து வைப்பாள் என்று தெரியும். சோற்றைப் பிசைவாளா, அப்படியே அள்ளுவாளா? காயை முதலில் தின்பாளா, கடைசியிலா? தெரியாது. ஐயோ, தெரியாதே. ரசச் சோறு தட்டில் ஓடியது, அதைக் கையால் அணை கட்டிப் பிடித்தார். நிமிர்ந்து, 'நீ சாப்பிட்டியா?' என்றார். செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'நல்லா கேட்டீங்க போங்க. நீங்க சாப்பிடாம நான் என்னிக்குச் சாப்பிட்டிருக்கேன்? முட்டையைத் தின்னுங்க முதல்ல.'

முட்டையைத் தின்றார். இவளுக்கு முட்டை ஆகாது, கவிச்சி என்பாள். மீன் சமைப்பாள், தொடமாட்டாள். ராத்திரிக்கு அவருக்கென்று சுடுகிற பயத்தம் அடை நெஞ்சைக் கரிக்கும் என்பாள். அப்படியானால் இவளுக்கு என்னதான் ஆகும்? சோறு ஆகும். வாஸ்தவம், இவளுக்குச் சோறுதான். மூன்றாவது கரண்டி மோருக்கு விழுந்தது, குண்டானின் அடியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. கிரீச். அந்தச் சத்தத்தில் கலியபெருமாளின் கை நின்றது. இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோம் என்று மனசு தடவிக்கொண்டு போய், மாசி மாசத்து ஒரு சாயங்காலத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு மண்டியிலிருந்து நாலு மணிக்கே வந்துவிட்டார். செங்கமலம் பூ வாங்கப் போயிருந்தாள். பசியென்றால் அப்படியொரு பசி, வாயைக் கட்ட ஆரம்பித்த புதிது. சமையல்கட்டில் போய் மூடியைத் திறந்தார், குண்டானில் சோறு, சட்டியில் கருவாட்டுக் குழம்பு. நின்றமேனிக்கு, தட்டுகூட எடுக்காமல், குண்டானிலேயே குழம்பைக் கவிழ்த்து அடி உரச வழித்துத் தின்றார். கிரீச், கிரீச். தின்று முடித்த கையோடு வெட்கம் வந்தது, வெட்கம் வந்தால் சும்மா இருக்கிற ஜாதியா, கோபமாகத்தானே வரும் நம் ஆளுக்கு. பூவோடு வாசற்படி ஏறினவளைப் பிடித்து ஒரு கத்து கத்தினார். 'மிச்சம் வச்சா நான் எடுக்கத்தான்டி செய்வேன்! குண்டான்ல இருந்தா கை போகத்தான் செய்யும்! இனிமே ஒரு ஆழாக்குக்கு மேல உலையில போடாத. மிச்சமே இருக்கக் கூடாது. என் மேல அக்கறை இருந்தா மிச்சம் வைக்காத!' அவள் 'சரிங்க' என்றாள். பூவைக் கிள்ளி சாமி படத்துக்கு வைக்கப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து ஒரு ஆழாக்கு. அதற்கப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை.

ஒரு ஆழாக்கு அரிசி எவ்வளவு காணும் என்று அரிசி மண்டிக்காரனுக்கா சொல்லித்தர வேண்டும்? பழைய அரிசியாக இருந்தாலும் நாலு கரண்டி. நாலேகால் வைத்துக்கொள். முதலில் காக்கைக்கு ஒரு பிடி, அது என்றைக்கும் தவறாது. அவருக்கு மூன்று. மிச்சம்? கலியபெருமாள் மோர்ச் சோற்றில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். மிச்சம் ஒரு கரண்டிகூட இல்லை. முன்னெல்லாம் மூன்று ஆழாக்கு போடுவாள். மத்தியானம் அவர் ஒரு கட்டு கட்டுவார், அப்புறமும் குண்டான் நிறைய இருக்கும், அதைத்தான் அவள் மத்தியானம் தின்றாள், ராத்திரி தின்றாள், மீதியில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் அவருக்கு இட்லி வைத்துவிட்டு அவள் பழையது கரைத்துக் குடித்தாள். மூன்று வேளையும் அவளுக்கு அந்தக் குண்டான்தான். மூன்று வேளைச் சோறு மிச்சத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அந்த மிச்சம் இருக்கக் கூடாது என்று கை நீட்டிச் சொன்ன மகராசன் யார்? அவருக்குப் பாதியாக்கச் சொன்னார்கள். பாதியாக்கிய இடத்தில் காய் வந்தது, கீரை வந்தது, முட்டை வந்தது, மீன் வந்தது, வயிறு ஒரு நாள் காயவில்லை. இவளுக்குப் பாதியில் பாதியாகி, அதிலும் பாதியாகி, அந்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை. அவரைக்காய்கூட முக்கால்வாசி இந்தத் தட்டில்தான் கிடக்கிறது. அடப்பாவி. அடப்பாவி மனுஷா. பத்து கிலோ குறைத்தேன் என்று ஆட்டோவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாயே. வியாதி இல்லை, அப்படியானால் வியாதி இல்லை என்று ஒரு பக்கம் மூச்சு வந்தது. கேட்டிருக்கக் கூடாதா இவள்? 'எனக்கு?' என்று ஒரு வார்த்தை. கேட்கமாட்டாள். தனக்கென்று ஒரு ஆழாக்கு தனியாகப் போட வேண்டும் என்பது இவளுக்குத் தோன்றியே இருக்காது. இவருக்கும் தோன்றவில்லையே, பிறகு என்ன அவளைச் சொல்லுவது. மோர்ச் சோறு கையில் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க, எழுந்திரிக்கலையா? கை காயுது பாருங்க."

"நீ போட்டுக்க."

"நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன். நீங்க போயி சாயுங்க."

"எதைச் சாப்பிடுவ?"

"இருக்கறதைச் சாப்பிட்டுக்குவேன். இதென்ன புதுசா விசாரணை?"

அவர் கை கழுவிவிட்டு ஹாலுக்குப் போகாமல் சமையல்கட்டுக்குள் போனார். குண்டானை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு பிடி இருந்தது, காக்கைக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பக்கத்தில் ரசம், தெளிவாக, சொம்பு நிறைய. அவள் வாசலில் நின்றுகொண்டு, "அய்யே, அதை ஏன் திறக்கறீங்க, இன்னும் பசிக்குதா?" என்றாள். அந்த 'இன்னும் பசிக்குதா'வில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைக் காட்டாமல் அரிசி டின்னைத் திறந்தார். உள்ளே கிடந்த ஆழாக்கை எடுத்தார். ஒன்று. தலை தட்டி முறத்தில் போட்டார். முப்பது வருஷம் அரிசி அளந்த கை, அந்த ஒரு ஆழாக்கு அளப்பதற்குள் முறத்துக்கு வெளியே சிந்தியது.

"உலையில அவ்வளவு வேணாங்க. மிஞ்சினா உங்க கை சும்மா இருக்காது. நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன். என் வாய்ல மண்ணைப் போட."

"எதுக்கு இப்ப இப்படியெல்லாம் பேசறீங்க?"

"ஆறு மாசமா நீ பட்டினி கிடந்திருக்கியேடி."

"பட்டினியெல்லாம் இல்லைங்க. எனக்குப் பசியே அவ்வளவா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு, சின்னக் குரலில், "மொதல்ல ரெண்டு மாசம் பசிச்சுது. உங்களுக்கு முட்டி வலி குறையுதுன்னு சொன்னீங்க. அப்புறம் பழகிடுச்சு" என்றாள்.

உலை கொதிக்கிற வரைக்கும் அவர் முறத்தில் நெல் பொறுக்கினார், இல்லாத நெல்லை. நாளைக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் ரத்தம் பார்க்க வேண்டும், காரணம் இதுதான் என்று தெரிந்தாலும் பார்த்துவிட வேண்டும், பயம் இன்னும் ஒரு மூலையில் உட்கார்ந்துதான் இருந்தது. வடித்ததும் தட்டை அவரே எடுத்து வைத்தார். மீதி அவரைக்காய், கீரை, வத்தக்குழம்பு, மேலே நல்லெண்ணெய். அவள் வழக்கமாக உட்காருகிற இடம் எது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அம்மிக்குப் பக்கத்தில், தரையில். அவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார். ஆறு மாசத்துக்கு முன்னால் இந்த முட்டியை வைத்துக்கொண்டு அவரால் தரையில் உட்கார முடிந்திருக்காது.

செங்கமலத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அங்கிட்டுத் திரும்பிக்கிங்க" என்றாள். மாட்டேன் என்றார். அவள் கொஞ்சமாகத்தான் பிசைந்தாள். சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி வாயில் போட்டுக்கொண்டாள். காயைத் தொடவில்லை, கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாள். ஓகோ, கடைசியிலா. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தி, தலையைச் சாய்த்து, காதை ஹால் பக்கம் வைத்தாள். எதற்கு அப்படிச் செய்கிறாள் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவையில் புரிந்தது. அவர் கூப்பிடுகிறாரா என்று கேட்கிறாள். அவர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார், இருந்தாலும் கேட்கிறாள். இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம்.

"நான் இங்கதான்டி இருக்கேன்" என்றார்.

"தெரியுது, தெரியுது" என்று அவள் இன்னொரு உருண்டை பிடித்தாள். இரண்டு தடவை போட்டுக்கொண்ட பிறகு போதும் என்று கையை மறித்துக்கொண்டு, குண்டானை மூடி வைக்கப் போனாள். "இது ராத்திரிக்கு இருக்கட்டும்."

"ராத்திரிக்கு உனக்கு வேற வடிப்போம்." கலியபெருமாள் குண்டானைப் பிடுங்கி, அடி உரசக் கிரீச்சென்று வழித்து, இருந்த ஒன்றரைக் கரண்டியையும் அவள் தட்டில் கொட்டினார். "மிச்சம் வைக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மோரை எட்டி எடுத்து ஊற்றிக்கொண்டு பிசைய ஆரம்பித்தாள்.